முதல் தடவை ஜப்பான் போகிறவர்களுக்கு அந்த நாடு ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது?

ஜப்பான் போகலாமா என்று யோசிக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் வருவது பயம்தான். எழுத்தைப் படிக்க முடியாது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் குறைவு, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, அவ்வளவு பெரிய டோக்கியோவில் குழந்தைகளோடு வழி தவறினால் யாரிடம் போய் நிற்பது. போய்விட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோயிலையும் செர்ரிப் பூவையும் பற்றிப் பேசி முடித்ததும், "ஆனா ஒண்ணு, எங்கேயும் திண்டாடவே இல்லை" என்பார்கள். எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அங்கே கண்ணில் படுவதெல்லாம் புதுசு, ஆனால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது எப்போதும் கண் முன்னாலேயே இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம், முதல் பயணத்துக்கு ஜப்பானை இத்தனை பேர் தேர்ந்தெடுப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2003இல் அந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 52 லட்சம் பேர். 2013இல்தான் முதல் முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2024இல் 3 கோடியே 68 லட்சம். யென் விழுந்தது இதற்கு ஒரு காரணம், 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னையும் தாண்டிப் போனது. நம் கணக்குக்கு 100 யென் என்றால் 55, 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் யென்னுக்கு ஒரு நல்ல கிண்ணம் ராமென், அதாவது நூடுல்ஸ் சூப், கிடைக்கும். சரி, விலை குறைந்ததால் வருகிறார்கள். திரும்பி வந்து அடுத்த வருஷத்துக்கும் டிக்கெட் பார்க்கிறார்களே, அதற்கு விலை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ரயிலில் இருந்து தொடங்குவோம். டோக்கியோ சுரங்க ரயில் வரைபடம் முதல் பார்வைக்கு நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் 2004இல் ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எழுத்தும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண்ணும் கொடுத்துவிட்டார்கள். கின்ஸா தடத்தின் நிறம் ஆரஞ்சு, எழுத்து ஜி. அதில் கின்ஸா நிலையம் ஜி 09, பெரிய சிவப்புக் காகித விளக்கு தொங்கும் சென்சோஜி கோயில் இருக்கிற அசகுசா ஜி 19. கின்ஸாவில் ஏறுகிறவர் ஒரு பெயரைக்கூடப் படிக்க வேண்டாம். 10, 11, 12 என்று எண் ஏறினால் சரியான வண்டி, 08, 07 என்று இறங்கினால் எதிர்த் திசை. அவ்வளவுதான். நடைமேடையில் கதவு எங்கே வந்து நிற்குமோ அங்கே தரையில் கோடு போட்டிருக்கும், ஜனங்கள் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள், வண்டியும் அந்தக் கோட்டிலேயே வந்து நிற்கும். பார்வையற்றவர்களுக்காகத் தரையில் பதித்த மஞ்சள் மேட்டு ஓடுகளை நம் ஊர் மெட்ரோவிலும் பார்த்திருப்பீர்கள். அது பிறந்ததும் ஜப்பானில்தான், 1967இல் ஒகாயமா நகரத்தில்.

சுயிகா, பாஸ்மோ மாதிரி ஓர் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் ரயில், பேருந்து, கடை, குளிர்பான இயந்திரம் எல்லாவற்றிலும் அதையே தொட்டுவிட்டுப் போகலாம், டோக்கியோவில் வாங்கியது கியோட்டோவிலும் செல்லும். ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஷின்ஜுகு நிலையத்தில் வாசல்கள் மட்டும் 200க்கு மேல், தினமும் ஏறக்குறைய 30 லட்சம் பேர் புழங்குகிற இடம். அங்கே எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

அப்புறம் ஷின்கான்சென். 1964 அக்டோபர் 1ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்னால் ஓட ஆரம்பித்த அதிவேக ரயில். இன்றைக்கு டோக்கியோவில் இருந்து கியோட்டோவுக்கு, நோஸோமி என்கிற வேகமான வண்டியில் இரண்டேகால் மணி நேரம். இத்தனை வருஷத்தில் தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. சராசரித் தாமதம் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள்தான். நகர ரயில் ஐந்து நிமிஷம் பிந்தினாலே, அலுவலகத்தில் காட்டுவதற்குத் தாமதச் சான்று என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்கள்.

டோக்கியோ நிலையத்தில் இருந்து வடக்கே போகும் ஷின்கான்சென்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வண்டி வந்து காலியானதும் சீருடை போட்ட துப்புரவுப் பணியாளர்கள் ஏறுவார்கள். ஏழு நிமிஷம். அதற்குள் குப்பையை எடுத்து, இருக்கைக்கு முன்னால் இருக்கிற மடக்குத் தட்டுகளைத் துடைத்து, இருக்கைகளை எல்லாம் போகும் திசையைப் பார்த்துத் திருப்பிவைத்து, இறங்கி வரிசையாக நின்று பயணிகளைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போவார்கள். வேலையை இப்படி மரியாதையோடு செய்வதைப் பார்க்கும்போது தொண்டை லேசாக அடைத்துக்கொள்ளும், குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான். டோக்கியோவில் இருந்து கியோட்டோ போகும்போது சாதாரண வகுப்பில் ஈ எழுத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், வலது பக்க ஜன்னல் அது. முக்கால் மணி நேரத்தில் 3,776 மீட்டர் ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான் வரும். மேகம் இருந்தால் தெரியாது, அது நம் கையில் இல்லை.

குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுக்க ரயிலில் சுற்ற எல்லாரும் வாங்கச் சொல்கிற ஜே.ஆர். பாஸ் பற்றி ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னில் இருந்து 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவில் இருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி டிக்கெட்டே சுமார் 14,000 யென்தான், போய்வந்தாலும் 28,000. அதனால் முதல் பயணத்துக்குப் பெரும்பாலும் பாஸ் தேவைப்படாது, தனித்தனியாக எடுப்பதே லாபம்.

மொழிக்கு வருவோம். மூன்று எழுத்து முறை கலந்து எழுதுவார்கள் என்றதும் மிரண்டுவிடாதீர்கள். காஞ்சி என்கிற சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு, அதை விட்டுவிடலாம். ஹிரகனா, கதகனா இரண்டும் ஒலி எழுத்துகள், ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. அவற்றின் வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹகரம் பழைய காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இது நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசைதான், சில எழுத்துகள் மட்டும் இல்லை. காரணம் இருக்கிறது. பௌத்தத் துறவிகள் மந்திரங்களை எழுதுவதற்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள், அந்த ஒலி வரிசையைத் தங்கள் எழுத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். வாக்கிய அமைப்பும் நம் வாய்க்கு வசதியானது. "நிகு வா தபேமாசென்" என்றால் "இறைச்சி சாப்பிட மாட்டேன்", சொல்லுக்குச் சொல் அதே வரிசையில். பயணத்துக்கு முன்னால் இரண்டு வாரம் கதகனா மட்டும் பழகிவிட்டுப் போனால் காபி, பஸ், டாக்ஸி மாதிரி அவர்கள் இரவல் வாங்கிய சொற்களைப் பலகையில் நீங்களே படித்துவிடலாம். அந்தச் சந்தோஷமே தனி.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் பசி தீர வழி வைத்திருக்கிறார்கள். பல உணவகங்களின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அங்கே கிடைக்கிற உணவுகள் எல்லாம் பிளாஸ்டிக்கில் அச்சு அசலாகச் செய்து, விலை எழுதி வைத்திருக்கும். விரலைக் காட்டினால் போதும். ராமென் கடைகளில் பெரும்பாலும் வாசலிலேயே ஓர் இயந்திரம் இருக்கும், பணம் போட்டுப் பொத்தானை அழுத்திச் சீட்டை உள்ளே கொடுக்க வேண்டியதுதான். டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

கொன்பினி என்று அவர்கள் சொல்லும் சின்னச் சின்னக் கடைகள் நாடு முழுக்க 50,000க்கு மேல். செவன் இலெவன் தன் முதல் ஜப்பான் கடையை டோக்கியோவில் 1974இல் திறந்தது, இன்றைக்குப் பெரும்பாலான கொன்பினிகள் இரவு பகல் மூடுவதே இல்லை. அங்கே 150, 200 யென்னுக்குக் கிடைக்கும் ஒனிகிரியை, அதாவது முக்கோணச் சோற்று உருண்டையை, ஒன்று வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உறையின் உச்சியில் 1 என்று ஒரு வால் இருக்கும், அதைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் உறை நடுவில் சுற்றிலும் கிழிந்து இரண்டாகும். பிறகு 2 என்று போட்ட மூலையை ஒரு பக்கம் இழுக்கணும், 3 என்று போட்டதை மறுபக்கம் இழுக்கணும். சோற்றுக்கும் அதைச் சுற்றிய நோரி என்கிற கடற்பாசித் தாளுக்கும் நடுவில் இன்னொரு மெல்லிய பிளாஸ்டிக் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். சோற்றின் ஈரம் பட்டால் நோரி நமத்துப்போகும் என்று இரண்டையும் பிரித்தே வைத்து, சாப்பிடுகிற அந்த நொடியில்தான் ஒன்றோடொன்று சேர விடுகிறார்கள். கடித்தால் அப்பளம் மாதிரி சத்தம் வரும். நூறு ரூபாய்ச் சோற்று உருண்டைக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். அந்த நாட்டில் நீங்கள் தொடுகிற பல பொருள்களில் இதே அக்கறை இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்கிற சாறு, அது பெரும்பாலும் கட்சுவோபுஷியில் இருந்து எடுப்பது. கட்சுவோபுஷி என்றால் சூரை மீனை அவித்துப் புகைபோட்டு உலர்த்தியது, நம் மாசிக் கருவாட்டுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. காய்கறி மட்டுமே தெரிகிற சூப்பிலும் நூடுல்ஸிலும் இது இருக்கும், சைவம் என்று சொன்னால் கடைக்காரருக்கே சில சமயம் இது நினைவுக்கு வராது. "இறைச்சி, மீன், மீன் தாஷி சாப்பிட மாட்டேன்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். முழுச் சைவமாக ஜப்பானிய விருந்து சாப்பிட வேண்டும் என்றால் கோயில்களின் ஷோஜின் ரியோரி என்கிற மடத்துச் சமையல்தான் வழி. கோயாசான் மலையில் மடத்திலேயே தங்கி, கடற்பாசியிலும் காளானிலும் எடுத்த தாஷியில் செய்த சாப்பாட்டையும் எள்ளில் செய்த தோஃபுவையும் சாப்பிடலாம். வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் வந்தால் டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் போங்கள், இந்தியர்கள் நிறைய வாழ்கிற பகுதி அது.

நம் ஆட்கள் வெளிநாடு போனால் வெளியே சொல்லாமல் அவதிப்படுகிற ஒரு விஷயம் கழிவறை. காகிதம் மட்டுமே இருக்கிற நாடுகளில் தினமும் சங்கடம். ஜப்பானில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. டோட்டோ நிறுவனம் 1980இல் வாஷ்லெட் என்று தண்ணீர் பீய்ச்சும் இருக்கையைக் கொண்டுவந்தது, இன்றைக்கு ஓட்டல், கடைவளாகம், பல ரயில் நிலையங்கள் என்று எங்கேயும் அது இருக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரோடு. வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போனவர்களுக்குத் தெரியும்.

பொருள் தொலைந்தால்? தெருமுனைகளில் கோபான் என்று சின்னக் காவல் சாவடிகள் உண்டு, வழி கேட்கவும் அங்கேயே போகலாம். டோக்கியோ காவல்துறைக்கு மட்டும் வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் கண்டெடுத்த பொருள்கள் வந்து சேர்கின்றன, பணம் இருக்கிற பர்ஸ் உட்பட. நல்ல மனசு மட்டும் இதற்குக் காரணம் இல்லை, சட்டமும் துணைக்கு இருக்கிறது. கண்டெடுத்துக் கொடுத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கலாம், மூன்று மாதத்துக்குள் உரியவர் வராவிட்டால் பெரும்பாலான பொருள்கள் அவருக்கே சொந்தமாகும். எடுத்துக் கொடுப்பதைச் சுலபமாகவும் பழக்கமாகவும் ஆக்கிவிட்டார்கள். காலை ரயிலில் ஏழு வயசுப் பிள்ளை முதுகை மறைக்கிற தோல் பையோடு தனியாகப் பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை, யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஒரு ஊர் பாதுகாப்பானது என்றால் என்ன அர்த்தம் என்பது அந்தப் பிள்ளையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வெந்நீர் ஊற்று, ஒன்சென். முதல் தடவை போகிறவர்களுக்குக் கூச்சம் வருவது இங்கேதான், ஆடை இல்லாமல்தான் இறங்க வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். முறை எளிது. ஆடையைக் கூடையில் வைத்துவிட்டு ஒரு சின்னத் துண்டோடு உள்ளே போய், சுவரோரம் இருக்கிற குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். சோப்பு நுரை துளிகூட இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்கணும், தொட்டி அழுக்குப் போக்கும் இடம் இல்லை, ஊறிக் கிடக்கும் இடம். துண்டு தண்ணீரில் படக்கூடாது, பலர் மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் 40, 42 டிகிரி இருக்கும். முதல் ஒரு நிமிஷம் பிறர் பார்க்கிறார்களோ என்று இருக்கும், யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்த பிறகு தோள் தானாகத் தளரும். வெளியில் திறந்தவெளித் தொட்டி இருந்து, குளிர்காலமாகவும் இருந்துவிட்டால், கழுத்து வரை சூடும் முகத்தில் ஜில்லென்ற காற்றுமாக உட்கார்ந்திருப்பதை எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. கூச்சம் போகவே போகாதவர்களுக்கும், பச்சை குத்தியிருப்பதால் பொதுத் தொட்டியில் அனுமதி இல்லாதவர்களுக்கும், குடும்பத்துக்கென்று தனியாக ஒரு மணி நேரம் தருகிற குளியலறைகள் பல விடுதிகளில் உண்டு.

இப்படி ஊற்று உள்ள பாரம்பரிய விடுதிதான் ரியோகான். யமனாஷி மாவட்டத்தில் கெய்யுன்கான் என்ற விடுதி 705ஆம் வருஷத்தில் இருந்து நடக்கிறது, உலகத்திலேயே பழமையான விடுதி என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாய் விரித்த அறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் மெத்தை போட்டுத் தூங்குவது நமக்கு அந்நியமே இல்லை. கொடுக்கிற யுகாதா அங்கியில் இடது பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள். வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கியோட்டோவுக்குப் பக்கத்து ஊரான நாராவில், தோதாய்ஜி கோயிலில் ஏறக்குறைய 15 மீட்டர் உயர வெண்கல புத்தர் இருக்கிறார். 752இல் அவருக்குக் கண் திறந்தவர் போதிசேனர், 736இல் இந்தியாவில் இருந்து ஜப்பான் போய்ச் சேர்ந்து அங்கேயே வாழ்ந்து மறைந்த துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நூலைக் கட்டி, அதன் மறுபக்கத்தை அங்கே கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாரும் சேர்ந்து கண் திறந்ததாக ஆகட்டும் என்று. அந்த நூல் இன்றும் அந்தக் கோயிலின் பழைய பொக்கிஷச் சாலையின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. சிலைக்குக் கடைசியாகக் கண் திறக்கிற நம் ஸ்தபதிகளின் சடங்கைப் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள். வெளியே ஆயிரத்துக்கு மேல் மான்கள் தாராளமாகத் திரியும், பிஸ்கட்டைக் காட்டினால் தலையைக் குனியும், கொடுக்கத் தாமதித்தால் சட்டையைக் கடிக்கும்.

எப்போது போவது? செர்ரிப் பூவுக்கு டோக்கியோ, கியோட்டோவில் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், முழுசாகப் பூத்தால் ஒரு வாரம் தாங்கும். கியோட்டோவில் இலை சிவப்பது நவம்பர் பின்பாதி. இரண்டுமே கூட்டம், விலையும் அதிகம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் ரயிலில் இருப்பார்கள். ஜூனில் மழை, ஆகஸ்டில் சென்னை மாதிரியே புழுக்கம். எனக்குக் கேட்டால் மே நடுப்பகுதி, அல்லது டிசம்பர் தொடக்கம்.

சிரமங்களும் உண்டு. ஒரு நாளைக்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நடப்பீர்கள். ஓட்டல் அறை சின்னது. நள்ளிரவு தாண்டினால் ரயில் கிடையாது, விடியற்காலை ஐந்து மணிதான் அடுத்தது. தெருவில் குப்பைத்தொட்டி இல்லை, 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள், பையில் ஒரு கவர் வைத்திருங்கள். ரயிலுக்குள் போனில் பேசக்கூடாது. கியோட்டோவின் கியோன் பகுதியில் வீட்டுச் சந்துகளுக்குள் புகுந்து கெய்ஷா என்கிற பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களைப் படமெடுக்கிற தொல்லை தாங்காமல் 2024இல் தனியார் சந்துகளை மூடிவிட்டார்கள். அது அவர்கள் வாழ்கிற வீடு, தள்ளி நின்று பார்ப்பதே நியாயம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம், டிக்கெட்டுக்கு முன்னால் அதைக் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரட்டை ஊசிப் பிளக்.

எட்டு நாள் இருந்தால் டோக்கியோவில் நான்கு, வெந்நீர் ஊற்றுகள் உள்ள மலையூர் ஹகோனேயில் ஒரு இரவு, கியோட்டோவில் மூன்று, அதில் ஒரு பகல் நாராவுக்கு. பத்து நாள் இருந்தால் ஹிரோஷிமாவையும் சேருங்கள். இதில் பெட்டி ஒரு பிரச்சினை. கியோட்டோ போகும் ஷின்கான்சென்னில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டிய பெட்டிக்குத் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும், ஹகோனேயின் சின்ன மலை ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறவே முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. டோக்கியோ ஓட்டல் வரவேற்பில் காலையிலேயே பெட்டியைக் கொடுத்து, கியோட்டோ ஓட்டலின் முகவரியை எழுதி, இரண்டு மூன்றாயிரம் யென் கட்டிவிடுங்கள். இது 1976இல் யமாதோ நிறுவனம் வீடுகளுக்கென்று தொடங்கிய பார்சல் சேவை, குட்டியைக் கவ்வியிருக்கும் கறுப்புப் பூனைதான் அடையாளம். பிறகு ஒரு மாற்று உடையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஷின்ஜுகுவில் ரயிலேறுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே, சாயங்காலம் வெந்நீர் ஊற்று. மறுநாள் கியோட்டோ ஓட்டலுக்குள் நுழையும்போது உங்கள் பெட்டி உங்களுக்கு முன்னால் வந்து வரவேற்பு மேஜை பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும், கைப்பிடியில் உங்கள் பெயர் எழுதிய சீட்டோடு.